செல்போன் இல்லாத வகுப்பறையிலும் நடத்தலாம் டிஜிட்டல் குடிமைப் பாடம்

2019 ஏப்ரல் 3-ஆம் தேதி, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கம் செய்வதைத் தடுக்கும்படி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அதே மாதம் 24-ஆம் தேதி அந்தத் தடை விலக்கிக்கொள்ளப்பட்டது. அடுத்த ஆண்டு ஜூன் 29-இல் மத்திய அரசே டிக்டாக்கை நாடு முழுவதும் தடை செய்தது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். "டிக்டாக்கின் தீமைகள்" என்று அதுவரை எடுத்த வகுப்புகளெல்லாம் செயலியோடு சேர்ந்து காலாவதியாகிவிட்டன. பிள்ளைகள் மட்டும் அன்றைக்குச் செய்ததைத்தான் இன்றைக்கும் செய்கிறார்கள். தோழியை வீடியோ எடுக்கிறார்கள், அவளைக் கேட்காமலே ஏற்றுகிறார்கள், எத்தனை லைக் என்று எண்ணுகிறார்கள், முகம் தெரியாத ஒருவர் போட்ட கமெண்டைப் படித்துவிட்டு ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறார்கள்.

டிஜிட்டல் குடிமைப் பாடத்தை முதன்முறையாகத் திட்டமிடும் ஆசிரியருக்கு நான் சொல்ல நினைப்பது இதிலிருந்துதான் தொடங்குகிறது. செயலியை மையமாக வைத்துப் பாடம் எழுதாதீர்கள். ஆபத்துகளின் பட்டியலை வைத்தும் எழுதாதீர்கள். பிள்ளை எடுக்க வேண்டிய ஒரு முடிவை வைத்து எழுதுங்கள். அனுப்பலாமா வேண்டாமா, தொடலாமா வேண்டாமா, சொல்லலாமா மறைக்கலாமா என்று விரல் ஒரு நொடி தயங்கும் இடம் இருக்கிறதே, அந்த இடம்தான் பாடம்.

டிஜிட்டல் குடிமை என்றால் என்ன? இணையத்திலும் செல்போனிலும் நாம் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்கிறோம். அங்கே நமக்கு உரிமைகள் உண்டு, பொறுப்புகள் உண்டு, பாதுகாப்புக்கு வழி உண்டு. அவற்றை அறிந்து நடந்துகொள்வதே டிஜிட்டல் குடிமை. அமெரிக்கக் கல்வியாளர் மைக் ரிபிள் இதை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார். இணைய வசதி கிடைப்பது, வாங்கல் விற்றல், தொடர்புகொள்வது, தகவலறிவு, நடத்தை, சட்டம், உரிமையும் பொறுப்பும், உடல்மன நலம், பாதுகாப்பு என்பவை அவை. ஆசிரியரின் மேசையில் இருக்க நல்ல வரைபடம் இது. ஆனால் ஒன்பதையும் ஒன்பது வாரமாக்கி நடத்தினால் பிள்ளைகள் ஒன்பது தலைப்புகளை மனப்பாடம் செய்வார்கள், நடத்தையில் எதுவும் மாறாது. எந்தக் கூறு எந்தப் பிள்ளைக்கு அவசரம் என்பதை அந்தப் பள்ளிதான் சொல்ல வேண்டும்.

முதலில் கேளுங்கள்

மதுரை எல்லீஸ் நகரில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்குச் சொந்தமாக டேப்லெட் இருக்கலாம். உசிலம்பட்டிப் பக்கம் அதே ஏழாம் வகுப்புப் பிள்ளை, அப்பா வேலை முடிந்து வந்த பிறகு அவர் போனை வாங்கிப் பார்க்கும். அந்தப் போனில் அம்மாவின் வங்கிக் கணக்கும் ஆச்சியின் ஓய்வூதிய எஸ்எம்எஸ்ஸும் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பும் ஒன்றாக இருக்கும். "உங்கள் கணக்கின் கடவுச்சொல்லை வலுவாக வையுங்கள்" என்ற அறிவுரை இரண்டாவது பிள்ளைக்குப் பொருந்தாது. அதற்கென்று ஒரு கணக்கே கிடையாது, வீட்டுக்கே ஒரே போன். வெளிநாட்டுப் பாடத்திட்டங்களை அப்படியே மொழிபெயர்த்து நடத்தும்போது சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். ஒரு பிள்ளைக்கு ஒரு கருவி என்று வைத்து எழுதப்பட்டவை அவை.

ஆகவே முதல் பாடவேளையில் பாடமே வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து மூன்று கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல்லலாம். நீ பயன்படுத்தும் போன் யாருடையது? போனில் பார்த்ததில் உன்னைப் பயமுறுத்தியது அல்லது சங்கடப்படுத்தியது ஏதாவது உண்டா? இருந்தால் அதை யாரிடம் சொன்னாய்? பெயர் எழுத வேண்டாம். தனியாகப் பேச விரும்பும் பிள்ளை மட்டும் பெயரை எழுதி மடித்துக் கொடுக்கலாம். தாள்களை வகுப்பில் வாசிக்கக் கூடாது. கையெழுத்தை வைத்து ஆளைத் தேடவும் கூடாது.

மூன்றாவது கேள்வியின் பதில்தான் முக்கியம். "யாரிடமும் சொல்லவில்லை" என்று ஒரு தாளாவது வரும். ஏன் என்று பொதுவாகக் கேட்டால் காரணம் உடனே வந்துவிடும்: சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள். பெண் பிள்ளைகளுக்கு இதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. "படிச்சது போதும், வீட்டுலயே இரு" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். மிரட்டுகிறவர்கள் பிடித்துக்கொள்வதும் இந்தப் பயத்தைத்தான். "பெரியவர்களிடம் சொல்லுங்கள்" என்று நாம் எத்தனை முறை எழுதிப்போட்டாலும், சொன்னால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளை வீட்டில் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. அதனால் பிள்ளைகளுக்கான பாடத்தோடு பெற்றோருக்கான அரைமணி நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் அதற்குத் தோதான இடம். அங்கே சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளை வந்து சொல்லும் நாளில் போனைப் பிடுங்காதீர்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள்.

பாடக்குறிப்பில் ஒரு வினைச்சொல்

"மாணவர்கள் இணையப் பாதுகாப்பு பற்றி அறிந்துகொள்வர்" என்று கற்றல் விளைவு எழுதினால் அதை அளக்கவே முடியாது. "பரிசு விழுந்ததாக வரும் குறுஞ்செய்தியில் உள்ள லிங்க்கைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய இரண்டைச் செய்துகாட்டுவர்" என்று எழுதிப் பாருங்கள். என்ன நடத்த வேண்டும், எவ்வளவு நேரம், எதை வைத்து மதிப்பிடுவது எல்லாமே அந்த வரியிலிருந்து வந்துவிடும். ஒரு பாடவேளைக்கு ஒரு முடிவு போதும். கிணற்று மேட்டில் நின்று கைவீசக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு நீச்சல் வராது, சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்கித்தான் ஆக வேண்டும். அதுபோல வகுப்பறைக்குள்ளேயே, ஆபத்தில்லாத வகையில், அந்த முடிவைப் பிள்ளை எடுத்துப் பழக வேண்டும்.

இதற்கு ஹைடெக் லேப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் ஒன்றும் கெட்டுவிடாது. ஃபார்வர்டைக் கரும்பலகையில் எழுதலாம், ஸ்கிரீன்ஷாட்டை அச்செடுத்துக் கொடுக்கலாம், இரண்டு பிள்ளைகளை எழுப்பி நடிக்க வைக்கலாம். திரையை விட்டு விலகி நின்று யோசிப்பதைத்தான் நாம் பழக்குகிறோம் என்பதால், முதல் சில பாடங்களுக்குக் காகிதமே மேல் என்பது என் எண்ணம்.

ஒரு பாடம் முழுவதுமாக: வைகையில் வெள்ளம்

எட்டாம் வகுப்புக்கு, ஒரு பாடவேளைக்கு இப்படி நடத்தலாம். கரும்பலகையில் ஒரு ஃபார்வர்டை எழுதுங்கள்: "அவசரம்!! வைகை அணை உடையும் நிலை. இன்று இரவு மதுரைக்குள் தண்ணீர் வருகிறது. ஆற்றோரம் உள்ளவர்கள் உடனே வெளியேறவும். அனைவருக்கும் பகிரவும்." கீழே ஒரு படம் இருப்பதாகவும், ஆரப்பாளையம் பக்கம் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுவதாகவும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இது பயிற்சிக்காக நாம் எழுதிய செய்தி என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பொய்ச் செய்தியை உண்மை போலச் சொல்லிவிட்டுக் கடைசியில் வெளிப்படுத்துவது நல்ல உத்தியாகத் தெரியலாம். ஆனால் நடுவில் ஒரு பிள்ளை பதறினாலும், வீட்டுக்குப் போய் பாதியைச் சொன்னாலும், வதந்தி நம் வகுப்பிலிருந்தே கிளம்பிவிடும்.

"இது உன் வீட்டுக் குரூப்புக்கு ராத்திரி எட்டரைக்கு வருது. என்ன செய்வே?" என்று கேளுங்கள். பாதிப்பேர் "அனுப்பிருவேன் டீச்சர், நாலு பேருக்கு உதவுமே" என்பார்கள். இந்தப் பதிலைக் கண்டிக்கக் கூடாது. வதந்தி பரவுவதில் பெரும் பங்கு கெட்ட எண்ணத்துக்கு இல்லை, அக்கறைக்குத்தான். அந்த அக்கறையை மெச்சிவிட்டு, அதற்கு ஒரு வேலை கொடுப்போம் என்று அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

செய்தியில் இல்லாதது என்ன என்று தேடச் சொல்லுங்கள். தேதி இல்லை. யார் சொன்னது என்று இல்லை. அணையில் எத்தனை அடி தண்ணீர் என்றும் இல்லை. மதுரைப் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரிந்த இடம் இது. வைகை அணையின் முழு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. எச்சரிக்கை விடுத்தால் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டக் கரையோரத்துக்கும் அறிவிப்பார்கள், மறுநாள் பேப்பரில் அடிக்கணக்கோடு வரும். இந்த எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, "உண்மையான எச்சரிக்கையில எது எது இருக்கும்?" என்று கேளுங்கள். அடிக்கணக்கு இருக்கும், அறிவித்தவர் யார் என்று இருக்கும், நேரம் இருக்கும் என்று பிள்ளைகளே சொல்வார்கள். பொய்யை அடையாளம் காண்பதற்கு உண்மை எப்படி இருக்கும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். அணை, தேர்வுத் தேதி, மழை விடுமுறை, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

அடுத்தது எங்கே போய்ப் பார்ப்பது என்பது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 45 பேரை இணையப் பக்கங்களை மதிப்பிடச் சொல்லிப் பார்த்தார்கள். 10 பேர் வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்றவர்கள், 10 பேர் தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 பேர் இளநிலை மாணவர்கள். படிப்பாளிகளே கூட அதே பக்கத்தில் மேலும் கீழும் ஓட்டி, லோகோவையும் வடிவமைப்பையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் பக்கத்தைத் திறந்த கொஞ்ச நேரத்தில் அதை விட்டு வெளியேறி, வேறு இடங்களில் அதைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினார்கள். நம் பிள்ளைகளுக்கு இதை ஒரே வரியில் சொல்லலாம்: ஃபார்வர்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காதே, வெளியே போய்க் கேள். மாவட்ட நிர்வாகத்தின் பக்கம், நாளிதழின் தளம், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் இவற்றில் பார்க்கலாம். போனில் டேட்டா இல்லையென்றால் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு வீட்டுப் பெரியவர்களை அழைக்கச் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பிலேயே இருக்கும் ஒரு தடயத்தையும் காட்டிவிடுங்கள். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பல கை மாறி வந்தது. 2018-இல் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி வாட்ஸ்அப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2020 ஏப்ரலிலிருந்து இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு குரூப்புக்கோ ஆளுக்கோதான் அனுப்ப முடியும். கட்டுப்பாடு ஏன் வந்தது என்பதை ஒன்பதாம் வகுப்புக்கு மேல் சொல்லலாம். 2018-இல் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பி நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். இதைச் சொல்லும்போது வீடியோ எதுவும் காட்ட வேண்டாம். சொன்னாலே போதும், வகுப்பு அமைதியாகிவிடும்.

இந்தப் பாடத்தில் தவறவிடக் கூடாத ஒன்று: "எதையும் நம்பாதே" என்று முடித்துவிடக் கூடாது. வைகையில் உண்மையாகவே வெள்ள எச்சரிக்கை வரும் நாட்கள் உண்டு. கரையோரத்துப் பிள்ளை "இதெல்லாம் வதந்தி" என்று உட்கார்ந்துவிட்டால் நாம் நடத்திய பாடமே அதற்கு ஆபத்தாகிவிடும். ஆகவே வரிசையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். நீ ஆற்றங்கரையில் இருந்தால் முதலில் மேட்டுக்குப் போ, பிறகு சரிபார், உறுதியானால் மட்டும் அனுப்பு. தன்னைக் காத்துக்கொள்ளச் சரிபார்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, அடுத்தவருக்கு அனுப்பத்தான் காத்திருக்க வேண்டும்.

கடைசிப் பத்து நிமிடம் நடிப்புக்கு. குரூப்பில் அதைப் போட்டவர் சித்தப்பா. அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இதுதான் நம் வீடுகளில் உண்மையான சிக்கல். பிள்ளைக்குச் செய்தி பொய் என்று தெரியும், ஆனால் வயதில் மூத்தவரை எல்லோர் முன்னாலும் மறுத்துப் பேச வாய் வராது. இரண்டு பேரை எழுப்பிவிடுங்கள். முதல் முயற்சியில் ஒருவன் "சித்தப்பா, இது ஃபேக்" என்பான். சித்தப்பாவாக நடிப்பவன் "எனக்கே சொல்லித் தர்றியா?" என்று முறைப்பான். வகுப்பு சிரிக்கும். இன்னொரு வழி கேளுங்கள். "சித்தப்பா, இது உங்களுக்கு யாரு அனுப்புனா? கலெக்டர் ஆபீஸ் பக்கத்துல பார்த்தேன், அணையில 60 அடிதான்னு போட்டிருக்கு. படத்தைப் பார்த்தா பழசு மாதிரி இருக்கு. நீங்களே ஒரு தடவை பார்த்துட்டு குரூப்ல சொல்லிருங்களேன்." குரூப்பில் போடாமல் தனியாக அனுப்புவது, திருத்தும் பொறுப்பை அவரிடமே கொடுப்பது, "நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்று சேர்ப்பது இவையெல்லாம் பிள்ளைகளிடமிருந்தே வரும். மரியாதையும் உண்மையும் ஒன்றோடொன்று மோதாமல் பேசக் கற்றுக்கொள்கிறார்கள் அல்லவா, அந்த அரைப் பக்க வசனத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

புகைப்படமும் சம்மதமும்

ஆறாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டிய பாடம் இது. முடிவு ஒன்றுதான்: இன்னொருவர் இருக்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைக்குமுன் அவரைக் கேட்பது. சுற்றுலா போன குரூப் போட்டோவை வைத்தே நடத்தலாம். படத்தில் எட்டுப் பேர், ஒருத்தி கண்ணை மூடியிருக்கிறாள், இன்னொருத்தி வீட்டில் போட்டோ போட்டால் திட்டுவார்கள். யாரிடம் கேட்பது, ஒருவர் மட்டும் வேண்டாம் என்றால் என்ன செய்வது, போட்ட பிறகு மனம் மாறினால் என்ன செய்வது என்று பேசவிடுங்கள்.

இங்கே ஆசிரியர்களுக்கு நேராகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. வகுப்பில் பிள்ளைகள் ஆடுவதையும் பாடுவதையும் பதில் தெரியாமல் விழிப்பதையும் வீடியோ எடுத்துத் தம் சொந்தப் பக்கத்தில் ஏற்றும் வழக்கம் நம்மிடம் பெருகிவிட்டது. பிள்ளையைக் கேட்டோமா, பெற்றோரைக் கேட்டோமா? 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றே கொள்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். தன்னைக் கேட்காமல் வீடியோ போட்ட ஆசிரியர் சம்மதத்தைப் பற்றிப் பாடம் எடுத்தால் எந்தப் பிள்ளை கேட்கும்? திட்டமிடலின் முதல் வேலையாக நம் பக்கங்களில் உள்ள பழைய வீடியோக்களை எடுத்துவிடலாம்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் இதன் கடினமான பகுதிக்கு வர வேண்டும். அந்தரங்கப் படத்தைக் கேட்பது, அனுப்பச் சொல்லி வற்புறுத்துவது, முகத்தை வெட்டி ஒட்டிப் போலிப் படம் செய்வது, அதை வைத்து மிரட்டுவது எல்லாம் இதில் அடங்கும். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வெளியிடுவதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவில் குற்றம். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் பொருந்தும். இதைப் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் தொடங்கினால், ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருக்கும் பிள்ளை "நானும் குற்றவாளி" என்று எண்ணி இன்னும் உள்ளே ஒடுங்கிவிடும். முதல் வாக்கியம் "உன்னை மிரட்டுகிறவன்மேல்தான் தப்பு, உன்மேல் இல்லை" என்று இருக்கட்டும்.

பிறகு செய்ய வேண்டியவை. பணம் கொடுக்காதே, இன்னொரு படம் அனுப்பாதே, மிரட்டிய செய்திகளை அழிக்காதே, நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல். குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417, சைபர் குற்றப் புகாருக்கு 1930. இந்த மூன்றையும் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதவைத்துவிடலாம். டேக் இட் டவுன் என்றொரு இலவசச் சேவை இருக்கிறது. 18 வயதுக்குள் எடுக்கப்பட்ட தன் அந்தரங்கப் படம் பரவாமல் தடுக்க அதன் உதவியைக் கேட்கலாம். படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. படத்திலிருந்து ஓர் எண்கோவை மட்டும் அந்தப் போனிலேயே உருவாகிப் போகும், அதில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்து அந்தப் படத்தைக் கண்டுபிடித்து நீக்கும்.

இந்தப் பாடத்தை நடத்துமுன் தலைமையாசிரியரிடம் பேசிவிட வேண்டும். பாடம் முடிந்ததும் ஒரு பிள்ளை வந்து நிற்கக்கூடும். போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தால் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மறைப்பது தண்டனைக்குரியது. ஆகவே "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது. "உன்னைக் காப்பாற்றத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்பதே நேர்மையான வாக்கு. இன்னொன்று, அந்தப் படத்தை ஆதாரம் என்ற பெயரில் ஆசிரியர்கள் குரூப்பில் போடவே கூடாது. அப்படிப் போடுவதும் பரப்புவதுதான்.

பணமும் பாட்டியும்

பல வீடுகளில் யுபிஐ போடுவது பிள்ளைகள்தான். பாட்டிக்கு வரும் ஓடிபியைப் படித்துச் சொல்வதும் அவர்களே. பத்து வயதுப் பிள்ளை வீட்டின் வங்கி எழுத்தராக இருக்கும்போது அதற்குத் தெரிந்திருக்க வேண்டிய விதி இது: பணம் அனுப்பத்தான் பின் நம்பர், பணம் வாங்கப் பின் நம்பர் தேவையே இல்லை. "உதவித்தொகை வந்திருக்கு, ஏத்துக்கப் பின் போடுங்க" என்று யார் சொன்னாலும் அது திருட்டு. பணம் போய்விட்டால் அழுதுகொண்டு இருக்காமல் உடனே 1930. எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் முடக்க அவ்வளவு வாய்ப்பு. வீட்டுப்பாடம் வேறெதுவும் வேண்டாம். இதைப் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ சொல்லிக்கொடுத்து, அவர்கள் திருப்பிச் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதிவர வேண்டும்.

பயம் மட்டுமே பாடமா?

இதுவரை சொன்னதெல்லாம் காப்பு. அதோடு நிறுத்தினால் இணையம் என்பது திருடர்கள் நிறைந்த இருட்டுச் சந்து என்றே பிள்ளை நினைக்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மதுரை தமுக்கம் மைதானத்தில் கூடிய கூட்டத்தில் பெரும்பகுதி செல்போன் வழியே திரண்ட இளைஞர்கள். குடிமை என்றால் பங்கெடுப்பதும்தானே. வருடத்தில் ஒரு பாடமாவது பிள்ளைகள் இணையத்துக்கு எதையாவது கொடுக்கும் பாடமாக அமைய வேண்டும்.

நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மேலூர்ப் பக்கத்துப் பள்ளி என்றால் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. கீழக்குயில்குடியில் சமணர் மலை, மாங்குளத்தில் தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்துகள், ஆற்றைக் கடந்தால் கீழடி. ஏதாவது ஓர் இடத்தைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் என்ன இருக்கிறது என்று ஒரு குழு படிக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் இருக்கிறதா, என்ன விடுபட்டிருக்கிறது என்று குறிக்கட்டும். தாங்கள் எடுத்த படம் ஒன்றை, பிறரும் பயன்படுத்தலாம் என்ற பொது உரிமத்தில் கொடுப்பதாக இருந்தால் எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்று முடிவெடுக்கட்டும். கூகுளில் கிடைத்த படத்தைப் பெயர் போடாமல் ப்ராஜெக்டில் ஒட்டுவது ஏன் தப்பு என்று தனியாக ஒரு வகுப்பு வேண்டாம். தன் படத்தை வேறொருவர் பெயர் போடாமல் எடுத்தால் எப்படியிருக்கும் என்பது இதிலேயே புரிந்துவிடும். நத்தம் சாலையில் 2023 ஜூலையிலிருந்து இயங்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் அழைத்துப்போனால், இணையத்தில் இல்லாத ஆதாரம் புத்தகத்தில் இருப்பதையும் காட்டலாம்.

செயற்கை நுண்ணறிவுக்கும் தனி அலகு அவசியமா என்று கேட்கிறார்கள். என் கருத்தில் வேண்டாம். மாமா குரலிலேயே பணம் கேட்டு அழைப்பு வந்தாலும், சாட்ஜிபிடி எழுதிய கட்டுரையில் இல்லாத புத்தகத்தின் பெயர் இருந்தாலும், கேட்க வேண்டியவை வைகைப் பாடத்தில் கேட்டவையே. யார் சொன்னது, வேறு எங்கே இருக்கிறது, மாமாவின் பழைய நம்பருக்கே திருப்பி அழைத்தால் என்ன சொல்கிறார்?

வகுப்பு வாரியாகப் பிரிப்பதில் ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புவரை, வீட்டு முகவரியையும் ஓடிபியையும் சொல்லாமலிருப்பதும், பயமாக ஏதாவது வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவரைக் கூப்பிடுவதும் போதும். ஆறு முதல் எட்டுவரை ஃபார்வர்டு, போட்டோ, பணம், ஆன்லைன் விளையாட்டு. அதற்கு மேல் மிரட்டல், சட்டம், போலி வேலை, போலிக் கல்லூரிச் சேர்க்கை. மாதம் ஒரு பாடவேளை கிடைத்தாலே ஒரு கல்வியாண்டில் தேவையானதை நடத்திவிடலாம். ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் மைதானத்தில் உட்காரவைத்து மைக்கில் பேசும் விழிப்புணர்வு முகாமைவிட அது எவ்வளவோ மேல்.

மதிப்பீட்டுக்கு "டிஜிட்டல் குடிமை என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்" என்று கேட்பதில் பயனில்லை. பாடம் நடந்து இரண்டு வாரம் கழித்து, வகுப்பில் பேசாத ஒரு நிலைமையைக் கொடுங்கள். உதாரணமாக: "ஜனவரி மாதம். உன் வீட்டில் காளை இருக்கிறது. அலங்காநல்லூர் டோக்கன் உறுதி, 500 ரூபாய் அனுப்பினால் போதும் என்று ஒரு லிங்க் அண்ணன் போனுக்கு வருகிறது. அண்ணன் குளிக்கப் போயிருக்கிறார், போன் உன் கையில். என்ன செய்வாய்?" ஜல்லிக்கட்டுக்கான முன்பதிவு சில ஆண்டுகளாக மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் வழியாகவே நடக்கிறது என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். விடையில் மூன்றைத் தேடுங்கள்: தொடாமல் நிறுத்தினார்களா, லிங்க்குக்கு வெளியே போய்ச் சரிபார்த்தார்களா, அண்ணனிடம் சொன்னார்களா. மூன்றும் இருந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம். முதல் இரண்டும் இருந்து மூன்றாவது மட்டும் பல தாள்களில் விடுபட்டிருந்தால், திரும்ப நடத்த வேண்டியது பிள்ளைகளின் வகுப்பை அல்ல, பெற்றோர் கூட்டத்தை.